சிவந்த கண் எல்லாம் ஒன்றல்ல: நாய், பூனைகளின் கண்ணைப் பார்க்கப் பழகுதல்

சின்னு ஒரு ஷிட்சு நாய். ஐந்து வயது. யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவனை வளர்த்தார். 2019 ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மழைக்குள் ஓட்டோ பிடித்து அவனைக் கொண்டுவந்தார். “டொக்டர், நேற்றையில இருந்து ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிக்கிறான். தண்ணியாய் வடியுது” என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, கொஞ்சம் பீளையும் இருந்தது. சாதாரண கண்நோய் என்று நினைத்து, நுண்ணுயிர்க்கொல்லியும் ஸ்டீரொயிட்டும் கலந்த துளி மருந்து ஒன்றை எழுதி, “ஒரு நாளைக்கு நாலு தரம் விடுங்கோ ரீச்சர்” என்று சொல்லி அனுப்பினேன். எல்லாமாக மூன்று நிமிடம் எடுத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்கள். சின்னுவின் இடது கண்ணின் நடுப்பகுதி சாம்பல் நிறத்தில் கூழ் போல இளகியிருந்தது. அடுத்த நாள் காலை அது துளைத்துவிட்டது. அன்று பிற்பகல் அந்தக் கண்ணை அறுவைச் சிகிச்சை செய்து அகற்றினேன்.

ரீச்சர் என்னைக் குறை சொல்லவில்லை. “நான்தான் நேரத்துக்கு மருந்து விடேல்லையோ டொக்டர்?” என்று கேட்டார். மணிக்கூட்டில் அலாரம் வைத்து, கொப்பியில் நேரம் குறித்து மருந்து விட்டவர் அவர். பிழை அவருடையதல்ல, என்னுடையது என்று அவருக்குச் சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. முதல் நாள் வந்திருந்தபோது அந்தக் கண்ணில் இருந்தது கண்நோய் அல்ல, ஒரு சிறு புண். புண் உள்ள கண்ணுக்கு ஸ்டீரொயிட் விடக்கூடாது என்பதை நான் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் புண் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அன்று என் கிளினிக்கில் ஒரு கடதாசித் துண்டுகூட இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கடதாசித் துண்டைப் பற்றியது. அதோடு, படித்து முடித்துவிட்டோம் என்று நினைக்கும் என்னைப் போன்ற பொது மிருக வைத்தியர்கள் எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதையும் பற்றியது. நாய், பூனை வளர்ப்பவர்களும் இதை வாசிக்கலாம். வைத்தியரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருப்பது நல்லது.

இலங்கையில் கால்நடை வைத்தியப் பட்டம் பெறுவதற்கான இடம் பேராதனைப் பல்கலைக்கழகம். உயர்தரத்தை தமிழில் படித்துவிட்டு அங்கே போகும் நாங்கள் ஆங்கிலத்தில் மாடு, ஆடு, கோழி, பன்றி, நாய், பூனை, யானை வரை எல்லாவற்றையும் சில வருடங்களுக்குள் கற்று வெளியே வருகிறோம். கண்ணுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். பிறகு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் வேலை கிடைத்தால் செயற்கை முறைச் சினைப்படுத்தலும் தடுப்பூசியும் பால் மாடுகளின் மடிநோயுமாகக் காலம் போகும். தனியார் கிளினிக் நடத்தினால் விசர்நாய்த் தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சல், பார்வோ வைரஸ், கருத்தடைச் சத்திரசிகிச்சை. மனிதருக்கு என்றால் கண்ணில் தூசு விழுந்தாலே கண் வைத்திய நிபுணரிடம் அனுப்பலாம். வடக்கில் ஒரு நாயை அப்படி அனுப்புவது என்றால் கொழும்புக்கு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் போக வேண்டும். புண்ணுள்ள கண் அவ்வளவு தூரப் பயணத்தைப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே எங்களிடம் வருகிற கண்ணை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

சின்னுவுக்குப் பிறகு, சிறுபிராணிகளின் கண் நோய்கள் பற்றிய இரண்டு நாள் செயலமர்வு ஒன்றுக்குப் போனேன். பெரிய கருவிகள் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் முதல் நாள் முழுவதும் பேசப்பட்டது ஒழுங்குமுறையைப் பற்றி மட்டுமே. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதைப் பற்றி.

நாய் மேசையில் ஏறுவதற்கு முன்பே பரிசோதனை தொடங்குகிறது. அறைக்குள் அது எப்படி நடந்து வருகிறது? கதிரையில் இடிக்கிறதா? இரண்டு கண்களும் ஒரே அளவில் திறந்திருக்கின்றனவா? பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணை நோக்கிக் கையை வேகமாகக் கொண்டுபோனால் அது இமைக்க வேண்டும். காற்று படாமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குருட்டு நாயும் இமைக்கும். இது பிறவியிலேயே வருவதல்ல, கற்றுக்கொள்வது. ஏறத்தாழ மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகள் இமைக்காவிட்டால் பயப்படத் தேவையில்லை. பூனைகள் பெரியவையானாலும் சில வேளைகளில் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் முன்னால் ஒரு பஞ்சு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். கண் தெரிந்தால் தலை அதன் பின்னால் போகும். பஞ்சு விழும் சத்தம் கேட்காது என்பதால் காது ஏமாற்றாது.

அடுத்தது கண்ணீரின் அளவு. எந்தத் துளி மருந்தும் விடுவதற்கு முன்பு, கண்ணைக் கழுவுவதற்கும் முன்பு இதைச் செய்துவிட வேண்டும். ஒட்டோ ஷிர்மர் என்ற ஜேர்மனிய கண் வைத்தியர் 1903 ஆம் ஆண்டு மனிதருக்காக விவரித்த சோதனை இது. இன்றைக்கும் அப்படியே நடக்கிறது. அளவு குறித்த ஒரு வடிதாள் துண்டைக் கீழிமையின் வெளிப்பக்கத்தில் செருகி, ஒரு நிமிடம் பொறுத்து, எவ்வளவு தூரம் நனைந்தது என்று பார்க்க வேண்டும். நாய்க்கு 15 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் என்றால் பிரச்சினையில்லை. 10 இற்கும் 15 இற்கும் இடையில் என்றால் சந்தேகம். 10 இற்குக் கீழ் என்றால் அது உலர்கண். 5 இற்குக் கீழ் என்றால் கடுமையான உலர்கண். பூனையில் இந்த எண் அதிகம் ஏறி இறங்கும். பயந்த பூனைக்குக் கண்ணீர் குறையும்.

அதன் பிறகுதான் அந்தச் செம்மஞ்சள் கடதாசித் துண்டு வருகிறது. அதில் காய வைத்திருப்பது புளோரசீன் என்ற சாயம். 1871 இல் அடோல்ப் வொன் பேயர் ஆய்வுகூடத்தில் உருவாக்கியது. ஒரு துளி சேலைனில் நனைத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியில் மெதுவாகத் தொட வேண்டும். கறுப்பு விழியின் மேல் தொட்டால் அந்த இடமே சாயத்தைப் பிடித்து ஏமாற்றிவிடும். நாய் இரண்டு தரம் இமைத்த பிறகு கண்ணைச் சேலைனால் நன்றாகக் கழுவி, அறையை இருட்டாக்கி, நீல வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் விழிவெண்படலத்தின் மேற்தோல் தண்ணீரில் கரைந்த இந்தச் சாயத்தை உள்ளே விடாது. மேற்தோல் உரிந்த இடத்தில் உள்ளிருக்கும் படை அதை உறிஞ்சிக்கொள்ளும். புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. சின்னுவுக்கு நான் செய்யாத வேலை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. புண் மிக ஆழமாகப் போய் விழிவெண்படலத்தின் கடைசி மென்சவ்வை எட்டிவிட்டால், அந்தச் சவ்வு சாயத்தைப் பிடிக்காது. சுற்றிவரப் பச்சை வளையம், நடுவில் தெளிந்த கறுப்புப் புள்ளி. அனுபவமில்லாத கண்ணுக்கு நடுப்பகுதி ஆறிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அந்தக் கண் துளைப்பதற்கு ஒரு சவ்வளவு தூரம்தான் இருக்கிறது. விழிவெண்படலத்தின் மொத்தத் தடிப்பே அரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம் என்பதை நினைத்தால், நான்கு நாளில் ஒரு கண் ஏன் போகிறது என்பது விளங்கும். அப்படிப்பட்ட நாயின் கழுத்தை அழுத்திப் பிடிக்கக்கூடாது, கண்ணை அமுக்கக்கூடாது. உடனே சத்திரசிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும்.

புண் இருந்தால் ஸ்டீரொயிட் இல்லை. இதற்கு விதிவிலக்குத் தேடவேண்டாம். ஸ்டீரொயிட் மேற்தோல் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது, கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கிறது, படலத்தைக் கரைக்கும் நொதியங்களுக்கு வழிவிடுகிறது. சூடோமோனாஸ் போன்ற கிருமி சேர்ந்துகொண்டால் கண் கூழாக இளகத் தொடங்கும். இந்த இளகும் புண்ணுக்குச் செயலமர்வில் சொல்லித் தந்த ஒரு மருந்து என்னை ஆச்சரியப்படுத்தியது. அந்த நாயின் சொந்த இரத்தம்தான் மருந்து. இரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, மேலே தெளியும் சீரத்தைச் சுத்தமான குப்பியில் பிரித்து, ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒரு தடவை கண்ணில் விட வேண்டும். சீரத்தில் இருக்கும் புரதங்கள் அந்தக் கரைக்கும் நொதியங்களைக் கட்டுப்படுத்துகின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாட்களில் எஞ்சியதை எறிந்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும், இல்லையேல் அதிலேயே கிருமி வளரும். கூடவே தகுந்த நுண்ணுயிர்க்கொல்லித் துளி, வலிக்கு மருந்து, கண்ணைச் சொறியாமல் கழுத்துக்குக் கூம்பு. மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 2022 இல் பார்மசிகளில் பல துளி மருந்துகள் இல்லாமல் போனபோதும் சீரத்துக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

சாதாரண மேலோட்டமான புண் ஐந்து முதல் ஏழு நாளில் ஆறிவிட வேண்டும். ஆறாவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன்பு காரணத்தைத் தேடுங்கள். இமைக்குள் முளைத்த மயிர், மூன்றாவது இமைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புல்விதை, உலர்கண், கிருமி. இவை ஒன்றுமில்லாமல் நடுவயது நாய்களில் ஓரம் தளர்ந்து ஆறாமல் நிற்கும் புண் ஒன்றும் உண்டு. அதற்கு மரத்துப்போகும் துளி விட்டு, தளர்ந்த மேற்தோலைப் பஞ்சுக்குச்சியால் நீக்கிவிட்டு, ஊசி முனையால் கட்டம் கட்டமாகக் கீறிவிடுவார்கள். பூனைக்கு இந்தக் கீறலைச் செய்யவே கூடாது. படலத்தில் கறுத்த பொருக்கு உருவாகிவிடும். மரத்துப்போகும் துளியையும் பரிசோதனைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். வலி குறைகிறது என்பதற்காக வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அதுவே புண்ணை ஆறவிடாது.

சின்னுவிடம் திரும்ப வருகிறேன். செயலமர்வு முடிந்து வந்த கிழமையே ரீச்சரை வரச்சொல்லி, எஞ்சியிருந்த வலது கண்ணில் ஷிர்மர் தாளை வைத்தேன். ஒரு நிமிடத்தில் 8 மில்லிமீற்றர். இடது கண்ணிலும் அப்படித்தான் இருந்திருக்கும். கண்ணீர் காய்ந்த கண், துருத்திக்கொண்டிருக்கும் பெரிய விழி, முழுதாக மூடாத இமை. புண் வந்ததில் அதிசயமில்லை. நாயின் உலர்கண் பெரும்பாலும் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் கண்ணீர்ச் சுரப்பியையே தாக்குவதால் வருகிறது. தடித்த, ஒட்டும் பீளைதான் அதன் அடையாளம். அதைக் கண்டு கிருமி என்று நினைத்து மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி விடுவது எங்கள் நாட்டில் மட்டும் நடக்கும் பிழையல்ல.

இதற்கு மருந்து சைக்ளோஸ்போரின். உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்து, கண் களிம்பாக. அமெரிக்காவின் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிருகக் கண் வைத்தியர் ரெனே காஸ்வான் 1980 களில் இது நாய்களின் கண்ணீரைக் கூட்டுகிறது என்று கண்டார். நாய்க்கான களிம்பு 1995 இல் அங்கு அனுமதி பெற்றது. மனிதரின் உலர்கண்ணுக்கான சைக்ளோஸ்போரின் துளி 2002 இல்தான் வந்தது. மனித வைத்தியத்திலிருந்து நாங்கள் எப்போதும் கடன் வாங்குபவர்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. இந்த விடயத்தில் கடன் மறுபக்கமாகப் போனது. ஒரு எச்சரிக்கை: இந்த மருந்து வேலை செய்யக் கிழமைகள் எடுக்கும், வாழ்நாள் முழுவதும் விட வேண்டும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்துபவர்களே அதிகம்.

உலர்கண்ணைப் பற்றிப் பேசும்போது நாய்க்குட்டிகளின் கண்மூலையில் சிவப்பாகத் துருத்தும் ‘செரிப் பழத்தை’யும் சொல்ல வேண்டும். அது கட்டியல்ல, மூன்றாவது இமையின் கண்ணீர்ச் சுரப்பி இடம் நழுவி வெளியே வந்திருக்கிறது. முன்பெல்லாம் அதை வெட்டி எறிவோம். கண்ணீரின் பெரும் பங்கொன்று அந்தச் சுரப்பியிலிருந்துதான் வருகிறது. வெட்டிய நாய்களில் பல சில வருடங்களில் உலர்கண்ணோடு திரும்பி வரும். இப்போது அதற்கு ஒரு சிறு பை தைத்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

எங்கள் ஊரில் கண் வெளுத்தால் “பூ விழுந்திட்டுது” என்பார்கள். அழகான சொல், ஆனால் வைத்தியருக்குப் போதாத சொல். விழிவெண்படலத்தில் பழைய புண்ணின் தழும்பும் பூ. உள்ளே வில்லையில் வந்த கண்புரையும் பூ. வயதான நாய்களின் வில்லை நடுவில் இறுகி நீலம் பாய்வதும் பூ. மூன்றாவது நோயே அல்ல. ஏழெட்டு வயது தாண்டிய நாய்களில் பரவலாகக் காண்பது, பார்வையை அதிகம் கெடுக்காது. கண்புரையையும் இதையும் பிரிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அறையை இருட்டாக்கி, ஒரு கை நீளத்தில் நின்று, உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தைப் பிடித்து நாயின் கண்ணுக்குள் பாருங்கள். இரவில் கார் வெளிச்சத்தில் பூனைக் கண் மின்னுவது போல விழித்திரைக்குப் பின்னாலிருந்து ஒளி திரும்பி வரும். வயதுக்குரிய மாற்றம் என்றால் ஒளி தடையின்றி வரும். கண்புரை என்றால் அந்த ஒளியில் கறுத்த நிழல் விழும்.

திடீரென்று இரண்டு கண்ணிலும் புரை விழுந்த நாய்க்கு இரத்தத்தில் சீனி பாருங்கள். நீரிழிவு உள்ள நாய்களில் பெரும்பாலானவை ஒரு கட்டத்தில் புரையோடு வரும். சிலவேளை “பூ விழுந்திட்டுது” என்ற முறைப்பாடுதான் நீரிழிவின் முதல் செய்தி.

வைத்தியசாலை நேரத்துக்கு வெளியே தொலைபேசி அடித்தாலும் எழுந்து போகவேண்டிய சிவந்த கண் ஒன்று இருக்கிறது. கண்ணமுக்கம். கண் சிவந்து, விழிவெண்படலம் நீலம் பாய்ந்து மங்கி, கண்மணி விரிந்து அசையாமல் நிற்கும். நாய் தலையைத் தொடவிடாது, ஒரு மூலையில் படுத்திருக்கும். சாதாரண அமுக்கம் 10 முதல் 25 மில்லிமீற்றர் மேர்க்குரி. அதற்கு மேலே ஏறினால் ஓரிரு நாளுக்குள் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். இதற்கு நேர்மாறானது கண்ணின் உள் அழற்சி. அதிலும் கண் சிவக்கும், ஆனால் கண்மணி சுருங்கும், அமுக்கம் குறையும். விரலால் அமர்த்திப் பார்த்து இவற்றைப் பிரிக்கலாம் என்று நானும் வருடக்கணக்கில் நம்பியிருந்தேன். முடியாது. கருவி வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பாவித்த அமுக்கமானி ஒன்றை வாங்கி, ஆளாளுக்குக் கொண்டுபோகிறோம். அமுக்கத்தைப் பார்க்காமல் கண்மணியை விரிக்கும் துளியை விடக்கூடாது என்பதையும் அந்த இரண்டு நாளில்தான் சரியாக விளங்கிக்கொண்டேன். அமுக்கம் ஏற்கெனவே உயர்ந்த கண்ணில் அது நிலைமையை மோசமாக்கும்.

உள் அழற்சி என்றதும் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது உண்ணி. எர்லிக்கியா என்ற கிருமியை மண்ணிற நாயுண்ணி பரப்புகிறது. கண்ணுக்குள் இரத்தம் கட்டிய நாயைக் கண்டால், யாரோ கல்லால் எறிந்துவிட்டார்கள் என்ற கதையை நம்புவதற்கு முன் இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகளை எண்ணுங்கள். பல நாட்கள் கண்ணுக்கு மட்டும் துளி விட்டுக்கொண்டிருந்து, கடைசியில் நாயையே இழந்த கதைகள் எங்கள் குழுவுக்குள் இருக்கின்றன. டொக்சிசைக்ளின் நான்கு கிழமை கொடுக்க வேண்டிய நோய் அது.

இன்னொன்று, மனிதரோடும் தொடர்புடையது. டைரோபிலாரியா ரெபென்ஸ் என்ற நூல் போன்ற புழு இலங்கை நாய்களில் பரவலாக உண்டு, நுளம்பால் பரவும். இந்த நாட்டில் மனிதரின் கண்ணின் வெண்பகுதிச் சவ்வின் கீழிருந்தும் அந்தப் புழுவைக் கண் வைத்தியர்கள் எடுத்திருக்கிறார்கள், பல தடவைகள். ஆகவே நாயின் இரத்தத்தில் அந்தப் புழுக்குஞ்சைக் கண்டு சிகிச்சை செய்வது அந்த வீட்டுப் பிள்ளைகளின் கண்ணையும் பாதுகாக்கும் வேலை.

பூனைகள் வேறு உலகம். கண்நோயோடு தும்மும் பூனைக்குட்டி என்றால் ஹெர்பீஸ் வைரஸையும் கிளமிடியாவையும் முதலில் நினைக்க வேண்டும். ஹெர்பீஸ் ஒருதரம் வந்தால் உடலில் தங்கிவிடும். வீடு மாறினால், புதுப் பூனை வந்தால், ஸ்டீரொயிட் விட்டால் மறுபடி கிளம்பும். கிளைவிட்ட மரம் போலப் புளோரசீனில் தெரியும் நுண்ணிய புண் அதன் கையெழுத்து. மனிதரின் ஹெர்பீஸ் குளிசையான அசைக்ளோவிரைப் பூனைக்கு வாயால் கொடுக்கக்கூடாது, நஞ்சாகும். பாம்சைக்ளோவிர் கொடுக்கலாம். கண் திறக்காத பச்சைக் குட்டியின் இமை வீங்கியிருந்தால் பத்து நாள் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே சீழ் இருக்கும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் மெதுவாக இளக்கி இமையைத் திறந்து சீழை வெளியேற்ற வேண்டும்.

வயதான பூனை ஒரே இரவில் குருடானால், இரண்டு கண்மணியும் அகல விரிந்திருந்தால், அதன் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்த பூனைகளில் அழுத்தம் ஏறி விழித்திரை கழன்றுவிடுகிறது. மனிதர் பாவிக்கும் அம்லோடிபின்தான் அதற்கும் மருந்து. சீக்கிரம் தொடங்கினால் சில பூனைகளுக்குக் கொஞ்சப் பார்வை திரும்பும்.

வீட்டுக்காரர்களிடம் இருந்து நான் கேட்கும் கைமருந்துகள் ஒரு தனிப் பட்டியல். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், தேயிலைச் சாயம், தேன், தேங்காயெண்ணெய். பூச்சாறு விட்டவர்களை நான் ஏசுவதில்லை. என் அம்மம்மாவும் எங்களுக்கு விட்டிருக்கிறார். உண்மையில் அவற்றைவிட அதிகம் கண்ணைக் கெடுப்பது, போன தடவை மிஞ்சி அலுமாரியில் கிடந்த துளிமருந்து. அல்லது வீட்டில் யாருக்கோ புரை எடுத்தபோது கொடுத்த துளி. அவற்றில் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். நாய் கண்ணைச் சுருக்கினால், வெளிச்சத்துக்குக் கூசினால், விழி மங்கினால், அன்றைக்கே கொண்டுவாருங்கள். தனி உப்புச் சேலைனால் கழுவுவதைத் தவிர வேறொன்றும் விடாதீர்கள். ஷிட்சு, பக் போன்ற தட்டை மூஞ்சி நாய்களின் விழி சண்டையில் வெளியே பிதுங்கிவிட்டால் அதைத் தள்ளி உள்ளே விட முயலவேண்டாம். ஈரத்துணியால் மூடி, காயவிடாமல், மற்ற வேலைகளை விட்டுவிட்டு உடனே வாருங்கள்.

இதையெல்லாம் எங்கே கற்பது என்று இளைய வைத்தியர்கள் கேட்கிறார்கள். ஹோட்டல் மண்டபத்தில் காலையிலிருந்து மாலைவரை ஒளிப்படங்களைப் பார்த்து, மதியம் புரியாணி சாப்பிட்டு, சான்றிதழோடு திரும்பும் கருத்தரங்குகளில் நான் பல இருந்திருக்கிறேன். அவற்றால் என் கை மாறவில்லை. இணையவழி விரிவுரைகள் நல்லவை, யாழ்ப்பாணத்திலிருந்தே கேட்கலாம், ஆனால் இமைக்குள் தாளைச் செருகும்போது நாய் எந்தப் பக்கம் தலையைத் திருப்பும் என்று அவை சொல்லித்தராது. என்னை மாற்றியது அந்தச் செயலமர்வின் இரண்டாம் நாள். ஆளுக்கு ஒரு நாய், ஒரு டோர்ச், ஒரு பெட்டி தாள்கள். நோயில்லாத நாய்களையே பார்க்கச் சொன்னார்கள். முப்பது நல்ல கண்களைப் பார்த்தவனுக்குத்தான் முப்பத்தோராவது கெட்ட கண் உறுத்தும் என்றார் பயிற்றுநர்.

இப்போது நாங்கள் ஐந்தாறு பேர் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். இறைச்சிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுக் கண்களை வாங்கி, விழிவெண்படலத்தில் கீறித் தைத்துப் பழகுகிறோம். பெரிதாக்கும் கண்ணாடியும் மெல்லிய தையல் நூலும் இருந்தால் போதும். கடைக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார், இப்போது நல்ல கண்ணாகப் பார்த்து எடுத்து வைக்கிறார். கைத்தொலைபேசிக் குழுவில் படங்களைப் பகிர்கிறோம். அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஷிர்மர் எண்ணும் புளோரசீன் முடிவும் எழுதாத படத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. முதலில் பலருக்குக் கோபம் வந்தது. இப்போது படம் போடுவதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு அவர்களே விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தமிழிலும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். வைத்தியருக்கு ஆங்கிலம் போதும். ஆனால் மருந்தை விடுபவர் வீட்டுக்காரர். ‘பூ’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று நிலைகள் இருக்கின்றன என்று அவருக்குப் படம் போட்டு ஒரு பக்கத்தில் விளக்கும் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. இரண்டு துளி மருந்துகளுக்கு இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும், துளி முதலில், களிம்பு பிறகு என்பதும் அதில் உண்டு.

சின்னுவுக்கு ஒன்றரை மாதம் சைக்ளோஸ்போரின் விட்ட பிறகு வலது கண் 16 மில்லிமீற்றருக்கு வந்தது. ரீச்சர் இன்னும் அந்தக் கொப்பியில் நேரம் குறிக்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டுப் பூனையை ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு கண் சுருங்கியிருந்தது. நான் டோர்ச்சை எடுப்பதற்குள், “முதல்ல அந்தப் பச்சை மையைப் போட்டுப் பாருங்கோ டொக்டர்” என்றார். போட்டேன். விழியின் ஓரத்தில் நகம் கீறிய ஒரு மெல்லிய பச்சைக் கோடு. ஆறு நாளில் ஆறியது.